கண்மாய்க்குள் ஓடும் வண்டிக்கு ஒரு பேட்டரி

14 ஜூன் 2008

காலையில் மின்வெட்டு. பஸ் ஏறி ராமநாதபுரம் போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் மின்வெட்டு. குடிநீர்க் கூட்டத்தில் போன வருடம் கேட்ட அதே கேள்விகள், அதே பதில்கள். பத்திரிகைக்குப் பத்து வரி அனுப்பினேன். நான்கு வரி வரும்.

வீட்டுக்குத் திரும்பியபோது மருது வாசலில் இருந்தான். இதை எழுதி வைக்க வேண்டும். ஷார்ஜாவில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போன மகனைக் கொண்டுவந்து இந்த வீட்டில் கிடத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. தானாகக் கேட்டு அவன் கட்டிலை விட்டு வெளியே வருவது இந்த வாரம்தான். பிப்ரவரியில் அவன் செய்யப் பார்த்ததை இங்கே எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து மாத்திரை டப்பா அவன் அம்மா இருளம்மாளின் இடுப்பில்தான் இருக்கிறது. குளிக்கப் போனாலும் கொண்டு போகிறாள்.

அவனை வாசலுக்கு வரவைத்தது ஒரு பொம்மை வண்டி. பொம்மை என்றால் மஹ்மூதுக்குக் கோபம் வருகிறது. கீழக்கரைப் பையன், ஷார்ஜாவில் மருதுவோடு ஒரே அறையில் இருந்தவன். விடுமுறையில் வந்தபோது கொடுத்துவிட்டுப் போனான். “மாமா, இது சின்னப்புள்ளைக சாமான் இல்ல. பக்கின்னு பேரு. அங்கன மணல்லயும் மேட்டுலயும் விட்டு ரேஸ் நடத்துறானுவ. நிச வண்டில என்னல்லாம் இருக்கோ அம்புட்டும் இதுல இருக்கு.” ஒரு முழ நீளம். முள் வைத்த ரப்பர் சக்கரம், நாலு பக்கமும் சுருள் வில். ரிமோட், துப்பாக்கிப் பிடிபோல ஒரு கையில் அடங்குகிறது.

மருதுவின் கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை நாங்கள் மறந்தே போயிருந்தோம்.

22 ஜூன்

மூன்று சக்கர சைக்கிளில் உட்காரவைத்துக் கண்மாய்க் கரைக்குத் தள்ளிப் போனோம். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. கரம்பை மண் ஓடு ஓடாக வெடித்துக் கிடக்கிறது. மருது கரையில் இருந்தபடியே வண்டியைக் கீழே இறக்கினான். கருவைத் தூர்களைச் சுற்றினான், மேட்டில் ஏற்றித் தாவவைத்தான். ஒரு தடவை ‘ஹேய்’ என்று கத்தினான். இருளம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம்தான். பிறகு வண்டி இழுக்க ஆரம்பித்தது. பிறகு நகர்ந்தது. பிறகு நடுக் கண்மாயில் நின்றுவிட்டது. பேட்டரி தீர்ந்தால் யாராவது போய் எடுத்துவர வேண்டும். இருளம்மாள் போனாள். கோழியைப் பிடித்து வருவதுபோல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தாள்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராக்கு சும்மா இருக்கவில்லை. “என்னடி இருளு, பேரப்புள்ளையத் தூக்கிட்டு வாரியா?”

“ஆமாடி. ஓடிக்கிட்டே இருக்கு, கையில நிக்க மாட்டேங்குது.”

மருது சிரித்தான். அவள் கரையேறும்வரை சிரித்த முகமாகத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நெடுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

6 ஜூலை

இருக்கிற ஒரே பேட்டரி பழையது. மஹ்மூது அங்கே ஓட்டித் தேய்த்ததுதான். நாளுக்கு நாள் சீக்கிரம் இழுக்கிறது. பேட்டரி தீர்ந்தால் மருதுவைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வந்தால் சுவரைப் பார்த்துத்தான் படுக்கை.

இன்று பகலில் மொட்டை மாடியில் ஒரு தகரத் தட்டைப் பார்த்தேன். டார்ச் பேட்டரிக் கட்டைகளை இருளம்மாள் வரிசையாக வெயிலில் வைத்திருந்தாள். தீர்ந்த கட்டையை இரண்டு நாள் காயவைத்து இன்னும் நாலு நாள் ஓட்டுவது எல்லா வீட்டிலும் செய்வதுதான். அவற்றோடு வண்டி பேட்டரியும் காய்ந்துகொண்டிருந்தது.

“ஆத்தா, அது டார்ச் கட்டை இல்ல,” என்று மருது கிண்டல் செய்தான்.

ஆனால் சாயங்காலம் வண்டி இரண்டு சுற்று கூடுதலாக ஓடியது. நாங்கள் மூன்று பேருமே பார்த்தோம்.  இருளம்மாள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

19 ஜூலை

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பேட்டரி பற்றிப் படித்து, சில பக்கங்களை அச்செடுத்து வந்தேன். உப்பளப் பிரச்சினையைப் படித்து எழுதுவதுபோலத்தான். எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும்.

மூன்று வகை. நிக்கல் காட்மியம் மிகப் பழையது. முரட்டுச் சாமான், கனம், கொடுப்பது கொஞ்சம். இப்போது வண்டியில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: ஆறு செல்லைச் சேர்த்துக் கட்டியது, 7.2 வோல்ட். சாதாரண சார்ஜர் போதும், தவறு செய்தாலும் பொறுத்துக்கொள்ளும். லேசான சூட்டில் இன்னும் நன்றாகவே கொடுக்குமாம். அன்றைய இரண்டு சுற்றுக்குக் காரணம் இதுதான். மூன்றாவது லித்தியம் பாலிமர். லிப்போ என்கிறார்கள். இரண்டே செல், 7.4 வோல்ட், எடை பாதிக்கும் சற்று அதிகம், ஓட்டம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் பத்தியம் அதிகம். இரண்டு செல்லையும் சமமாக ஏற்றும் தனி சார்ஜர் வேண்டும். சார்ஜை அடிவரை இறக்கக்கூடாது. உப்பி வீங்கினால் உடனே தூக்கி எறிய வேண்டும். அறுபது டிகிரிக்கு மேல் போகவிடக்கூடாது. நம் ஊரில் நாற்பத்திரண்டைத் தாண்டியதாக நான் எழுதியதே இல்லை. அந்த வரியை விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் இருளம்மாளிடம் சொன்னேன், “நீ வெயில்ல வச்சது சரிதான். புத்தகத்திலேயே போட்டிருக்கு.”

“நான் படிச்சா வச்சேன்?” என்றாள். ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம்.

3 ஆகஸ்ட்

எதை வாங்குவது என்று ஒரு வாரமாகப் பேச்சு. பழைய வகையிலேயே இரண்டு வாங்கினால் மாற்றி மாற்றி ஓட்டலாம், ஆபத்து இல்லை. இது என் கட்சி. காகிதத்தில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினேன். மருது பார்த்துவிட்டுக் கீழே வைத்தான்.

“அது மெல்ல மெல்லச் சாகுதுய்யா. இழுத்துக்கிட்டு, நகந்துக்கிட்டு. நான் கரைல உக்காந்து அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். லிப்போ கடசி வரைக்கும் ஒரே ஓட்டம் ஓடிட்டு நிக்குமாம்.”

பேட்டரியைப் பற்றித்தான் பேசுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

லிப்போ என்று முடிவாயிற்று.

21 செப்டம்பர்

மஹ்மூது போன் செய்தான். மூன்று லிப்போ, ஒரு சார்ஜர். அவன் சித்தப்பா மகன் திருச்சி வழியாக ஊருக்கு வரும்போது கொடுத்துவிடுகிறானாம். “மூணு போதும் மாமா, இன்ஷா அல்லா ரெண்டு வருசம் ஓடும்.”

கூடவே மருதுவிடம் எச்சரித்தான். இந்த வண்டி பழைய மாடல். லிப்போ அடிமட்டத்துக்குப் போகும் முன் தானாக நிறுத்தும் வசதி இதில் இல்லை. “நீயாத்தான் நிறுத்தணும் மாப்ள. ஆசைல ஓட்டிக்கிட்டே இருக்காத.”

2 நவம்பர்

அலுவலகத்தில் இருக்கும்போது பகுதிநேர நிருபர் கூத்தையா போன் செய்தார். “அண்ணே, சோதனைச் சாவடில வெளிநாட்டு லித்தியம் பேட்டரி மூணு பிடிச்சிருக்காக. அக்கரைக்குப் போற சரக்குன்னு பேச்சு. ஒரு ஆளையும் வச்சிருக்காக.”

இலங்கையில் போர் முற்றிவிட்டது. பேட்டரி, சைக்கிள் பால்ரஸ், டீசல், மருந்து என்று வாரத்துக்கு ஒரு செய்தி இப்படி எழுதுகிறேன். கை தானாக எழுதியது: தடை செய்யப்பட்ட இயக்கத்துக்குக் கடத்த முயன்றதாக. நான்கு வரி முடித்த பிறகுதான் பிடிபட்டவர் பெயர், ஊர் கேட்டேன்.

கீழக்கரை. மஹ்மூதின் சித்தப்பா மகன்.

3 நவம்பர்

வண்டியையும் ரிமோட்டையும் சாக்குப்பையில் போட்டு விசாரணை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அதிகாரி தெரிந்தவர்தான். நாற்காலி போடச் சொல்லிவிட்டு, “சார், இந்தச் சாமான் எங்க போகும், எதுல மாட்டுவாங்கன்னு எங்களைவிட நீங்க நல்லா எழுதியிருக்கீங்க,” என்றார்.  எழுதியிருக்கிறேன்.

வண்டியைத் தரையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். எனக்கு ஓட்ட வராது, பீரோவில் முட்டியது. ஒரு ஏட்டு, “குடுங்க சார் நான் பாக்குறேன்” என்று வாங்கி மேசைக்கு அடியில் விட்டு இன்னொருவர் காலில் ஏற்றினார். “ஏலே, யூனிஃபார்ம்ல ஏத்துறியா!” அறையே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் காரியம் நடந்தது. பையனை மாலையே விட்டுவிட்டார்கள். சார்ஜரும் ஒரு பேட்டரியும் திரும்பக் கிடைத்தன. மற்ற இரண்டும் மேலிடத்துக்குப் போய்விட்டனவாம். வந்தால் தருவார்களாம். வராது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்று எழுதிய நான்கு வரியை அனுப்பவில்லை. அது என் மகனுக்கு வந்தது என்பதால் அனுப்பவில்லை. வேறு யாருக்கோ வந்திருந்தால் காலைப் பதிப்பில் வந்திருக்கும்.

27 நவம்பர்

மூன்று நாள் புயல் மழை. கண்மாய் நிறைந்துவிட்டது. ஊரே கரையில் நின்று சந்தோஷமாகப் பார்க்கிறது. மருது கட்டிலுக்குத் திரும்பிவிட்டான். புது பேட்டரி முழுச் சார்ஜோடு அலமாரியில் இருக்கிறது.

9 ஜனவரி 2009

கண்மாயில் தண்ணீர். மருதுவுக்குச் சவரம் செய்துவிட்டேன். கண்ணைத் திறக்கவில்லை.

30 ஜனவரி

தனுஷ்கோடி. அக்கரையிலிருந்து படகில் வந்து அரிச்சல்முனை மணல்திட்டில் இறக்கிவிடப்பட்ட ஒரு குடும்பம். அந்தப் பெண் பேர், ஊர், எத்தனை பேர் கிளம்பினார்கள் என்று எல்லாம் வரிசையாகச் சொன்னாள். எத்தனை பேர் வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்கவில்லை. எதிரில் தெரிந்தது.

மகன் எப்படி இருக்கிறான் என்று கூத்தையா கேட்டார். இருக்கிறான் என்றேன்.

22 பிப்ரவரி

கண்மாயின் மேல்பகுதி காய்ந்துவிட்டது. இன்றுதான் லிப்போவை மாட்டி முதல் ஓட்டம்.

இப்படி ஓடும் என்று நான் நினைக்கவில்லை. பழைய பேட்டரியில் மேட்டில் திணறிய வண்டி இன்று மேட்டைத் தாண்டிப் பறந்து, நாலு சக்கரமும் தரையைத் தொட்டு, ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு ஓடியது. ராக்குவின் ஆடுகள் சிதறின. “யாத்தீ, இது என்ன பேய் பிடிச்ச வண்டியா? ஏலே மருது, என் குட்டி மேல ஏத்துன, ஒன்னைத் தூக்கிக் கண்மாய்ல போட்டுருவேன்!”

“போடு சித்தி. நீச்ச மறந்துபோச்சு, பாத்துக்குறேன்.”

விழுந்த பிறகு அவன் தன் உடம்பை வைத்துச் சொன்ன முதல் கேலி. மஹ்மூது சொன்னபடி நடுவிலேயே நிறுத்தச் சொன்னேன். “இன்னொரு சுத்துய்யா” என்றான். இன்னொரு சுற்று. இன்னொன்று. நானும் விட்டுவிட்டேன். வண்டி அதே வேகத்தில் ஓடி, கயிறு அறுந்ததுபோல் நின்றது.

15 மார்ச்

பேட்டரி உப்பியிருக்கிறது. விரலை வைத்தால் சின்னத் தலையணைபோல் அமுங்குகிறது. ஒவ்வொரு தடவையும் கடைசிவரை ஓட்டியதுதான் காரணம். மழைக்காலம் முழுக்க நிறையச் சார்ஜோடு வைத்திருந்ததும் சேர்ந்திருக்கும்.

மஹ்மூது போனில், “தூக்கிப் போட்டுரு மாப்ள. வேணாம். நோன்புப் பெருநாளைக்கு நான் வரும்போது கொண்டாரேன்.” பெருநாள் செப்டம்பரில்.

“ஒண்ணுதான்யா இருக்கு,” என்றான் மருது. என்னைப் பார்க்காமல் பேட்டரியைப் பார்த்துச் சொன்னான். பழைய பேட்டரி போன மாதமே அடியோடு போய்விட்டது.

அச்செடுத்த பக்கத்தில் ஒரே சொல்தான் இருக்கிறது: எறிந்துவிடவும். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். சுவரைப் பார்த்த கட்டில். நான் எறியச் சொல்லவில்லை. பாதியில் நிறுத்துவதென்றும், ஏற்றும்போது யாராவது பக்கத்தில் இருப்பதென்றும் பேசிக்கொண்டோம்.

26 ஏப்ரல்

வண்டி இப்போது நாலு சுற்றுக்கு மேல் வருவதில்லை. மருதுவின் பேச்சும் குறைந்துவிட்டது. நேற்று, “ஆத்தா, அந்த டப்பாவ இன்னமும் இடுப்புலதான் வச்சிருக்கியா?” என்று கேட்டானாம். கேலியாகத்தான் கேட்டான் என்கிறாள். சொல்லும்போது அவள் குரல் சரியில்லை.

தேர்தல் வேலை. வீட்டில் உட்கார்ந்து வேட்பாளர் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். இருளம்மாள் வந்து நின்றாள்.

“அந்த பேட்டரிக்கு என்ன செஞ்சா உசுரு வரும்?”

“பார்ப்போம்,” என்றேன்.

12 மே

மதுரை. ஆஸ்பத்திரி வராந்தா. வரிசையாக எழுத முயல்கிறேன்.

நேற்று பிரசாரத்தின் கடைசி நாள். நான் ராமேசுவரம் தீவில் இருந்தேன். அக்காள்மடத்தில் கொடி கட்டிய ஜீப்புகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. மேளச் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. எடுத்தபோது ராக்குவின் குரல். வீடு எரியுது, வாங்க.

வீடு எரியவில்லை. மருதுவின் அறைதான். பகல் மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்ததும் இருளம்மாள் பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறாள். பிளக் பாயிண்ட் சுவரில் உயரத்தில் இருப்பதால் எப்போதும் அவள்தான் போடுவாள். எந்தப் பட்டன் என்று மருது சொல்லிக்கொடுத்திருந்தான். சார்ஜர் பாயிண்ட்டுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கும். பேட்டரி கீழே கட்டிலை ஒட்டிய முக்காலியில். மருது தூங்கிக்கொண்டிருந்தான். அவள் தண்ணீர்க் குடத்தை எடுக்கத் தெருக்குழாய்க்குப் போயிருக்கிறாள். பத்தடி தூரம்.

சீறிக்கொண்டு எரிந்ததாம். வெள்ளைப் புகை. இலவம்பஞ்சு மெத்தை பிடித்துக்கொண்டது. அவள் வந்து போர்வையோடு சேர்த்து அவனைத் தரையில் இழுத்து, வாசல்வரை இழுத்து — அவள் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது.

அவனுக்கு இரண்டு தொடையும். வலது காலில் ஆழம்.

“எரிஞ்சது தெரியலய்யா,” என்கிறான். “வாடைதான் வந்துச்சு. அடுப்புல ஏதோ தீஞ்சுபோச்சுன்னு நெனச்சேன்.”

எனக்கு — வேண்டாம். பிறகு எழுதுகிறேன்.

14 மே

மாற்றுத் துணி எடுக்க ஊருக்குப் போய்வந்தேன். அறை கரியாகக் கிடக்கிறது. சார்ஜர் சுவரில் பாதி உருகித் தொங்குகிறது.

மொட்டை மாடிக்கு ஏன் ஏறினேன்? துணி காய்கிறதா என்று பார்க்க. அங்கே தகரத் தட்டு. டார்ச் கட்டைகள் இரண்டு வரிசை. மேலே புழுதி படிந்திருந்தது. இரண்டு வரிசைக்கும் நடுவே பேட்டரி அளவுக்கு ஒரு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

அக்னி நட்சத்திர வெயிலில் அந்தத் தட்டைத் தொட்டேன். கையை வைக்க முடியவில்லை. கரண்ட் வந்ததும் அந்தச் சூட்டோடு எடுத்துவந்து மாட்டியிருக்கிறாள். உசுரு வரட்டும் என்று.

தட்டைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்துவைத்தேன்.

15 மே

விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் மருது முந்திக்கொண்டான். “எங்க ஆத்தா ஒண்ணும் செய்யல சார். நான்தான் சார்ஜர்ல பட்டனை மாத்தி அமுக்கிட்டேன்.” சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அவனுக்குக் கை எட்டாத பட்டன். வந்தவர் அந்த அறையைப் பார்க்காதவர், எழுதிக்கொண்டார்.

கட்டில் ஓரத்தில் இருளம்மாள், இரண்டு கையிலும் கட்டோடு, தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். நிருபர் வீட்டில் தீ என்றால் செய்தி போடாமல் இருக்க முடியாது. நானே சொல்லி எழுதவைத்தேன்: சார்ஜரில் ஏற்பட்ட கோளாறே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. கூறியது நான்தான். முப்பது வருடத்தில் எத்தனை ‘கூறப்படுகிறது’ எழுதியிருப்பேன். யாரோ எதற்கோ கூறியவை.

18 மே

வார்டில் ஒரு டிவி. நோயாளிகள், கூட வந்தவர்கள், துப்புரவு வேலை செய்பவர்கள் எல்லோரும் அதற்குக் கீழே நிற்கிறார்கள். அக்கரையில் எல்லாம் முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஒருவர் சத்தம் போட்டு அழுகிறார். ஒருவர், “அதெல்லாம் பொய்யி, நம்பாதீக” என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

மருதுவுக்குக் காய்ச்சல் இறங்கவில்லை.

3 ஜூன்

வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சீழ் மேலே ஏறிவிட்டது, எடுக்காவிட்டால் உயிருக்கு ஆபத்து என்றார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்ததும் மருது சொன்னது: “அது எப்பவோ செத்துப்போச்சுய்யா. இப்பத்தான் எடுத்துட்டுப் போறாங்க.”

இருளம்மாள் அழவில்லை. இந்த மூன்று வாரத்தில் அவள் அழுது நான் பார்க்கவில்லை.

12 ஜூலை

வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. மருதுவை நடுவீட்டில் போட்டிருக்கிறோம். அவன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

இருளம்மாளின் கை ஆறிவிட்டது. விரல்கள் முழுதாக விரிவதில்லை. சமைக்கிறாள், துடைக்கிறாள், புண்ணுக்கு மருந்து வைக்கிறாள். பேச்சுதான் இல்லை. வண்டி திண்டில் கிடக்கிறது. அந்தப் பக்கம் போவதில்லை. கரண்ட் வந்தால் விளக்கைக்கூட என்னைப் போடச் சொல்லிச் சைகை காட்டுகிறாள். தீயைப் பார்த்த பயம் என்று நினைக்கிறேன். நானும் மருதுவும் அவள் இருக்கும்போது இரண்டு தடவை சார்ஜரைத் திட்டிப் பேசினோம். மட்டமான சார்ஜர், ஏமாற்றிவிட்டார்கள் என்று. காதில் விழட்டும் என்றுதான்.

2 ஆகஸ்ட்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வந்து எதிரில் நின்றாள்.

“நீங்க அச்சடிச்சுக் கொண்டாந்தீகளே காயிதம். அதுல வெயிலப் பத்திப் போட்டிருந்துச்சா?”

எந்தக் காகிதம் என்று கேட்டேன். கேட்கும்போதே அதற்கு அர்த்தமில்லை என்று தெரிந்தது.

“சொல்லுங்க. போட்டிருந்துச்சா இல்லயா?”

“போட்டிருந்தது.”

“எனக்கு ஏன் சொல்லல?”

பழைய பேட்டரிக்கு நல்லது, புதியதற்கு ஆகாது. இந்த ஒரு வரி. அவளிடம் முதல் பாதியை மட்டும் சொன்னேன். ஊர் முழுக்கச் செய்தி சொல்கிறவன். 

“நீ ஒண்ணும் செய்யல,” என்றேன். “சார்ஜர்தான்…”

“பேசாதீக!” தெருவில் போனவர்கள் திரும்பினார்கள். அவள் கவலைப்படவில்லை. “நான் என்ன கிறுக்கச்சியா? படுத்துக் கெடக்கவன் கை எட்டாத பட்டனை எப்படி அமுக்குவான்? தட்டைக் கழுவிக் கவுத்து வச்சா எனக்குத் தெரியாதா? என் வீட்டுத் தட்டு எது எங்க கெடக்கும்னு எனக்குத் தெரியாது? அப்பனும் மகனும் கூடிப் பேசிக்கிட்டு, சார்ஜரு சார்ஜருன்னு… மூணு மாசமா நான் யார்கிட்ட அழுவேன்? நான் ஒண்ணுமே செய்யலன்னு நீங்களே எழுதிட்டீக. செய்யாதவ எதுக்கு அழுகணும்? வாயத் தொறக்க விடாமப் பண்ணிட்டீகளே.”

 இதை அவள்மேல் உள்ள பிரியத்தில் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைத் தனியே ஒரு அறைக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறோம்.

உள்ளேயிருந்து மருது கூப்பிட்டான். “ஆத்தா. இங்கன வா.”

போனாள். நான் போகவில்லை. அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பிறகு அவள் அழுதது கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. ராக்கு ஓடிவந்தாள்; வேண்டாம், விடு, அழட்டும் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

9 ஆகஸ்ட்

இன்று பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர் ஒருவர் விபத்து எப்படி என்று கேட்டார். உப்பிய பேட்டரியை எறியாமல் வைத்திருந்தோம், வெயிலில் சூடேறியதைச் சார்ஜில் போட்டோம் என்றேன். போட்டோம் என்றுதான் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

6 செப்டம்பர்

நோன்பு நடக்கிறது. மஹ்மூது ஷார்ஜாவிலிருந்து போன் செய்தான். பெருநாளைக்கு வருகிறானாம். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, கடைசியில் மெதுவாக மருதுவிடம் கேட்டான், ஏதாவது கொண்டு வரணுமா என்று. என்ன கேட்டான் என்பது மருதுவின் முகத்திலேயே தெரிந்தது.  அவன் போனைக் காதில் வைத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து போய்ப் போனை வாங்கலாமா என்று யோசித்தேன்.

இருளம்மாள் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்துக்கொண்டு போனை அவனிடமிருந்து எடுத்தாள். விரிய மறுக்கும் விரல்களால் இரண்டு கையும் சேர்த்துத்தான் பிடிக்க முடிகிறது.

“தம்பி மஹ்மூது, அத்தை பேசுறேன். மொதல்ல வச்சிருந்தான்ல, தடியா, கனமா, அந்தப் பேட்டரியே கொண்டா. லேசுப் பேட்டரி வேணாம். இரு, இரு, வச்சிராத. அதை எப்படி வச்சா என்ன ஆகும்னு எனக்குச் சொல்லு. வெயில்ல வச்சா? தண்ணி பட்டா? கரண்டு போயிட்டுப் போயிட்டு வந்தா? எனக்குத்தான் சொல்லணும். நான்தான் போடப்போறேன்.”

அவன் சொல்லச் சொல்ல, அதையே சத்தமாகத் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். இடையில் ஒருமுறை, “இல்ல, நீ சரியாச் சொல்லு, ‘ஒண்ணும் ஆகாது’ன்னெல்லாம் சொல்லாத” என்று அதட்டினாள்.

போனை வைக்கப்போன சமயம், கட்டிலிலிருந்து மருது, கூரையைப் பார்த்தபடியே:

“ரெண்டாக் கொண்டாரச் சொல்லு ஆத்தா.”